காலிக் குழியின் கணக்கு

குழித்தட்டு ஒன்றில் 98 குழிகள்: அகலத்தில் 7, நீளத்தில் 14. தக்காளி, மிளகாய், கத்தரி, காலிஃபிளவர் எல்லாம் இன்று பெரும்பாலும் இந்தக் கறுப்புத் தட்டில் முளைத்துத்தான் வயலுக்குப் போகின்றன. குழிக்கு ஒரு விதை. இரண்டு விழுந்தால் முளைத்தபின் ஒன்றைக் கிள்ளி எறிய வேண்டும். விழாமலே போனால் அந்தக் குழிக்குப் போட்ட தென்னை நார்க்கழிவும், ஊற்றிய தண்ணீரும், இருபத்தைந்து நாள் அடைத்துக்கொண்ட இடமும் வீண். கேட்கச் சின்ன விஷயம். இதைப் பிசகாமல் செய்யும் ஓர் இயந்திரத்துக்காகக் கோவைப் பட்டறைகளில் மண்டையை உடைத்துக்கொள்கிறார்கள். எப்படி வடிவமைக்கிறார்கள், எப்படிச் சோதிக்கிறார்கள் என்று பார்க்கக் கணபதியில் ஒரு பட்டறைக்கும், அங்கே செய்த இயந்திரம் ஓடும் ஒட்டன்சத்திரம் பக்கத்து நாற்றுப்பண்ணைக்கும் போனேன்.

கணபதி, ஆவாரம்பாளையம் பக்கம் வீதிக்கு வீதி லேத் சத்தம். 1932இல் பைக்காரா நீர்மின் நிலையம் ஓடத் தொடங்கியதும் கோவையில் பஞ்சாலைகள் பெருகின. ஆலைகளுக்கு உதிரிபாகம் செய்யப் பட்டறைகள் முளைத்தன. 1937இல் இங்கேயே மின்மோட்டார் செய்தார்கள். அது பம்புசெட்டாகிக் கிணற்றுமேட்டுக்குப் போனது. வயலுக்கு வேண்டியதைப் பட்டறையில் கேட்டு வாங்கும் பழக்கம் இந்த ஊருக்குப் புதிதல்ல. ஒரு வீதியில் வார்ப்படம், அடுத்ததில் கடைசல், அதற்கடுத்ததில் பெயிண்ட். காலையில் தப்பென்று தெரிந்த உறுப்பைச் சாயங்காலத்துக்குள் மாற்றிவிடலாம். இத்தாலி, கொரியா இயந்திரங்களோடு விலையில் போட்டிபோட இவர்களுக்கு இருக்கும் பெரிய பலம் அதுதான்.

நான் போன பட்டறைக்காரர் முன்பு பம்பு உதிரிபாகம் செய்தவர். நாற்றுப்பண்ணை வைத்திருக்கும் சொந்தக்காரர் ஒருவர் ஆள் பற்றாக்குறையைச் சொல்லிப் புலம்பியதில் இந்த வேலைக்குள் வந்தவர். மேசைமேல் இயந்திரத்தின் உயிர்நாடி கிடந்தது: ஒரு குழாய், அதில் வரிசையாக ஏழு ஊசிகள். உற்றுப் பார்த்தேன். ஆஸ்பத்திரியில் போடும் ஊசியேதான்.

“மெடிக்கல்ல வாங்குறதுங்க. இருபத்திரண்டாம் நம்பர். உள் ஓட்டை 0.4 மில்லிமீட்டர். நம்ம லேத்துல இத்தனை சின்ன ஓட்டை இத்தனை சுத்தமா போடறதுன்னா காசு எங்கயோ போயிருமுங்க” என்றார். மருந்து ஏற்றுவதற்காகச் சாய்வாக வெட்டியிருக்கும் கூர்முனையை மட்டும் நயமான சாணைக்கல்லில் தேய்த்துத் தட்டையாக்குகிறார்கள். சாய்வாக இருந்தால் விதை வாயை முழுதாக அடைக்காது, காற்று ஒழுகும். தேய்த்த பிறகு நுனியில் பிசிறு நிற்கிறதா என்று ஒரு பையன் பூதக்கண்ணாடியில் பார்த்துப் பார்த்து எடுத்து வைத்துக்கொண்டிருந்தான். பிசிறு இருந்தால் விதையின் தோல் கீறும்.

வேலை செய்யும் விதம் எளிது. குழாய் விதைத் தொட்டியின் மேல் குனியும். வேக்கம் மோட்டார் உறிஞ்சும். ஊசிக்கு ஒரு விதை ஒட்டிக்கொள்ளும். குழாய் நிமிர்ந்து மறுபக்கம் திரும்பியதும் உறிஞ்சல் நிற்கும். ஏழு விதைகளும் ஏழு பிளாஸ்டிக் குழல்கள் வழியே ஏழு குழிகளில் விழும். தட்டு ஒரு வரிசை நகரும். பதினான்கு முறை குனிந்து நிமிர்ந்தால் ஒரு தட்டு முடிந்தது. ஒவ்வொரு முறையும் தொட்டிக்குத் திரும்புமுன் ஊசிக்குள் எதிர்த்திசையில் கொஞ்சம் காற்று ஊதப்படும். தூசியோ விதைத் தோலோ அடைத்திருந்தால் அது தெறித்துப் போகும்.

எளிதில்லாதது அந்த ‘ஒரு விதை’. தக்காளி விதை கிராமுக்குச் சுமார் 300 இருக்கும். தட்டை, மேலே மெல்லிய பூனைமுடி. ஒன்றோடொன்று ஒட்டிக்கொள்ளும் குணம் அதற்கு. உறிஞ்சலைக் கூட்டினால் ஊசி இரண்டைத் தூக்குகிறது. குறைத்தால் ஒன்றையும் தூக்காமல் வருகிறது. பட்டறைக்காரர் இதற்குக் கண்ட வழி, தொட்டியின் அடியில் ஓர் அதிர்வி. முறத்தில் புடைக்கும்போது அரிசி துள்ளுவதுபோல விதைகள் துள்ளிக்கொண்டே இருக்கும். துள்ளும் விதை தனியாக இருக்கும். ஊசிக்குத் தனியாகவே கிடைக்கும். ஆனால் அதிர்வு மிஞ்சினால் விதைகள் ஓரத்துக்கு ஓடி நடு ஊசிகளுக்குப் பஞ்சம். அதிர்வும் உறிஞ்சலும் சேர்ந்து பொருந்தும் இடம் தக்காளிக்கு ஒன்று, மிளகாய்க்கு ஒன்று, உருண்டையான காலிஃபிளவர் விதைக்கு வேறொன்று. குமிழ்களின் பக்கத்தில் மார்க்கரால் கோடு போட்டுப் பயிரின் பெயரை எழுதியிருந்தார்கள்.

பட்டறைச் சோதனைக்கு நார்க்கழிவும் கிடையாது, மண்ணும் கிடையாது. தட்டின் அளவுக்கு ஒரு தகடு, அதில் 98 கட்டங்கள், மேலே மெல்லிய கிரீஸ் பூச்சு. விதை விழுந்த இடத்தில் அப்படியே நிற்கும்; உருளாது. பிறகு எண்ணுகிறார்கள்: ஒற்றை, இரட்டை, காலி. துல்லிய விதைப்புக் கருவிகளைச் சோதிக்க 1984இலேயே சர்வதேசத் தர நிர்ணய அமைப்பு ஐ.எஸ்.ஓ. 7256 என்று முறை வகுத்திருக்கிறது. அது வயலில் ஓடும் கருவிக்கு. விதைக்கும் விதைக்கும் உள்ள இடைவெளியை அளந்து விட்டுப்போனதையும் இரட்டித்ததையும் பிரிப்பது. இங்கே கட்டம்தான் அளவுகோல். கிரீஸ் தகட்டில் இன்னொரு நன்மையும் உண்டு. காலிக் கட்டங்கள் அங்கங்கே சிதறியிருந்தால் உறிஞ்சல் கோளாறு. தட்டின் நீளவாக்கில் ஒரே வரிசையில் நேராக இருந்தால் அந்த வரிசை ஊசி அடைப்பு. என் கண்ணெதிரே மூன்றாவது வரிசை முழுக்க வெறுமையாக வந்தது. ஊசியைக் கழற்றி வெளிச்சத்தில் பிடித்தார்கள். உள்ளே விதைத் தோல்.

நாற்றுப்பண்ணைக்கு வந்ததும் அந்தக் கணக்கெல்லாம் மாறிவிடுகிறது.

நிழல்வலைக் குடிலை ஒட்டிய கொட்டகையில் ஒரு பக்கம் இயந்திரம், மறுபக்கம் கையால் விதை போடும் நான்கு பெண்கள். ஆணிப் பலகையை ஒரு அழுத்து அழுத்தினால் 98 குழியிலும் அரை சென்டிமீட்டர் பள்ளம். இடது உள்ளங்கையில் விதை; வலது கையின் கட்டைவிரலும் ஆள்காட்டி விரலும் பார்க்காமலே ஒன்றொன்றாகத் தள்ளுகின்றன. பூஞ்சாணக்கொல்லி பூசிய விதை என்பதால் விரல் நுனிகள் ரோஜா நிறத்தில் இருந்தன. கையுறை கொடுத்திருக்கிறார்கள். “அதைப் போட்டா ஒத்தை விதை கைக்குத் தெரியாது தம்பி” என்றார் மூத்தவர். மருந்து விதையைக் கை தொடாமல் செய்வது மட்டுமே இந்த இயந்திரத்துக்குப் போதுமான நியாயம் என்று எனக்குத் தோன்றியது. விற்பனைத் தாளில் அதைப்பற்றி ஒரு வரி இல்லை. மணிக்கு எத்தனை தட்டு என்பதுதான் கொட்டை எழுத்தில் இருந்தது.

பட்டறையில் ஒழுங்காக ஓடியது இங்கே ஏன் முரண்டு பிடிக்கிறது என்பதற்குக் காரணங்கள் ஒவ்வொன்றாகத் தெரிந்தன. முதலாவது மின்சாரம். சாயங்காலம் அழுத்தம் இறங்குகிறது. வேக்கம் மோட்டாரின் வேகம் தளர்கிறது. உறிஞ்சல் குறைந்து காலிக் குழிகள் கூடுகின்றன. இயந்திரம் நிற்பதில்லை என்பதால் யாருக்கும் உடனே தெரிவதும் இல்லை. இரண்டாவது தட்டு. புதுத் தட்டு தட்டையாக உட்காரும். வெயிலில் கிடந்து பலமுறை கழுவிய தட்டு நடுவில் மேடு தட்டியிருக்கும். விதை குழியின் நடுவில் விழாமல் விளிம்பில் பட்டுப் பக்கத்துக் குழிக்குத் தாவுகிறது. மூன்றாவது நார்க்கழிவு. பொள்ளாச்சிக் கட்டியை ஊறவைத்து உதிர்க்கும்போது நீளநார் தங்கிவிட்டால் பள்ளம் போடும் முளையில் சுற்றிக்கொண்டு குழியையே பெயர்த்தெடுக்கிறது. நான்காவது ஈரம். பக்கத்திலேயே தண்ணீர் தெளிக்கும் இடம். ஈரக்காற்றில் விதை குழலின் உட்சுவரில் ஒட்டிக்கொண்டு ஒரு வரிசை தாமதமாக விழுகிறது. கணக்குக்கு ஒரு குழி காலி, ஒரு குழி இரட்டை.

இத்தனைக்கும் மேல் இயந்திரம் செய்யாத குற்றத்துக்கும் பழி சுமக்கிறது. இந்திய விதைத் தரத்தின்படி தக்காளிக்குக் குறைந்தபட்ச முளைப்புத்திறன் 70 சதவீதம், மிளகாய்க்கு 60. நல்ல கலப்பின விதை இதைவிட நன்றாகவே முளைக்கும் என்றாலும் நூற்றுக்கு நூறு யாரும் தருவதில்லை. ஒரு வாரம் கழித்துத் தட்டைப் பார்க்கும் பண்ணைக்காரருக்கு விதை விழாத குழியும் விழுந்து முளைக்காத குழியும் ஒன்றுபோலத்தான் தெரியும். அதனால் இந்தப் பண்ணையில் சோதனை ஓட்டத்தை இரண்டு முறை எண்ணினார்கள். விதைத்ததும் ஒரு முறை, முளைத்ததும் ஒரு முறை. முதல் எண் பட்டறைக்காரர் பொறுப்பு. இரண்டுக்கும் உள்ள வித்தியாசம் விதைக் கம்பெனியின் பொறுப்பும் பண்ணையின் பராமரிப்பும். இப்படிப் பிரிக்காமல் செய்யும் சோதனை சண்டையில்தான் முடியும்.

சரி, காலிக் குழியை யார் நிரப்புகிறார்கள்? தட்டுக்கு இரண்டு குழி காலி என்றால் கேட்க நன்றாகத்தான் இருக்கிறது. ஆயிரம் தட்டுக்கு 2,000 குழி. முளைத்த பிறகு உபரித் தட்டிலிருந்து நாற்றைப் பிடுங்கி ஒவ்வொன்றிலும் ஊன்றுவது இந்தப் பெண்களின் வேலை. குனிந்து செய்வது, வேர் அறுந்தால் நாற்று வாடும், ஊன்றிய நாற்று மற்றதைவிடப் பின்தங்கும். இயந்திரத்தின் வேகக் கணக்கில் இந்த நேரம் எங்கும் சேர்வதில்லை.

அந்த மூத்த அக்காதான் சொன்னார்: “மிஷின் விதையைப் போட்ட கையோட மேல தூளைத் தூவிருது. எந்தக் குழி காலின்னு அப்பவே தெரிஞ்சா ஒரு விதையைப் போட்டுட்டுப் போயிருவேன். மூடினப்புறம் எங்க தேட?” வடிவமைப்பில் இருந்த ஓட்டை அது. நீளத்தை மிச்சப்படுத்த விதைக்கும் பகுதியையும் மூடும் பகுதியையும் ஒட்டி ஒட்டி வைத்திருந்தார்கள். வரைபடத்தில் பார்க்க அடக்கமாக, அழகாக இருக்கும். இரண்டுக்கும் நடுவில் ஒரு தட்டு நீளம் இடம் விட்டிருந்தால், ரோஜா நிற விதை கறுத்த நார்க்கழிவின் மேல் பளிச்சென்று தெரியும். நின்றபடியே காலிக் குழியைக் கண் பிடித்துவிடும்.

இன்னொருவர் சொன்னது எனக்கு அதைவிடக் கனமாக இருந்தது. “விதை போடறதுதான் நாங்க உக்காந்து பாக்குற ஒரே வேலை. அதுக்கு மிஷின் வந்துருச்சு. ட்ரே தூக்குற வேலைக்கு ஒண்ணும் வரலையே.” உண்மைதான். விதைத்த தட்டுகளை நனைத்து, ஒன்றன்மேல் ஒன்றாக அடுக்கி, பாலித்தீன் தாளால் மூடி, முளைவிட்டதும் பிரித்துக் குடிலுக்குள் பரப்பி, நாற்று முற்றியதும் வண்டிக்கு ஏற்றுவதுவரை எல்லாம் தலைச்சுமையும் இடுப்புச்சுமையும். இயந்திரம் வேகமாக விதைக்க விதைக்க, தூக்க வேண்டிய தட்டுகள் வேகமாக வந்து குவிகின்றன. நாற்காலி வேலையை எடுத்துக்கொண்டு சுமை வேலையைக் கூட்டிக் கொடுத்திருக்கிறது.

கூலிக்கு ஆள் குறையுமா என்ற கேள்வி அங்கே எல்லோர் மனத்திலும் இருந்தது. பண்ணைக்காரர் மறைக்கவில்லை. விதைப்புக்கு இத்தனை பேர் வேண்டாம், ஆனால் பரப்பவும் பராமரிக்கவும் ஆள் போதவில்லை, அங்கே மாற்றிக்கொள்வேன் என்றார். மாற்றம் யாருக்குச் சாத்தியம்? முழங்கால் வலியோடு உட்கார்ந்து விதை போட்ட மூத்தவரால் தட்டுத் தூக்க முடியாது. நான் பார்த்தவரை அவருக்குத் தகுந்த இடம் இயந்திரத்தின் அருகில்தான். எந்தக் குமிழை எவ்வளவு திருப்ப வேண்டும் என்பதை அவர் கை ஏற்கெனவே கற்றிருந்தது. மிளகாய்க்கு மாற்றும்போது ஆபரேட்டர் பையன் அவரைத்தான் கூப்பிட்டான்.

பட்டறைக்குத் திரும்பியபோது மாறுதல்கள் நடந்துகொண்டிருந்தன. விதைப்புக்கும் மூடலுக்கும் இடையே தட்டு நீளத்துக்குத் திறந்த இடம். உறிஞ்சல் மானி ஆபரேட்டரின் கண்மட்டத்துக்கு ஏறியிருந்தது. முள் சிவப்புக் கோட்டுக்குக் கீழே இறங்கினால் ஓட்டம் தானே நிற்கும்படி ஒரு சுவிட்ச். தட்டின் ஓரங்களை அமுக்கிப் பிடிக்க இரண்டு பட்டைகள். கடைசியில் இடுப்பு உயரத்துக்கு உருளை மேசை, அதே உயரத்தில் வந்து ஒட்டி நிற்கும் தள்ளுவண்டி. “மேசையும் வண்டியும் செலவுங்க. காசு குடுக்கறவங்க வேகத்தைத்தான் கேக்கறாங்க” என்று சலித்துக்கொண்டார்.

பண்ணை இயந்திரங்களைச் சோதிக்க நம் நாட்டில் ஏற்பாடு இல்லாமல் இல்லை. மத்தியப் பிரதேசத்தின் புத்னியில் மத்திய அரசின் சோதனை நிலையம் இயங்குகிறது. கோவையிலேயே வேளாண் பல்கலைக்கழகத்தின் பொறியியல் கல்லூரியும் போபால் வேளாண் பொறியியல் நிறுவனத்தின் மண்டல மையமும் உள்ளன. அங்கே கிடைக்கும் அறிக்கை அவசியம். ஆனால் புதுத் தட்டில், நல்ல விதையில், சீரான மின்சாரத்தில் கிடைத்த எண் ஒட்டன்சத்திரத்துக் கொட்டகைக்குப் பொருந்துமா என்பதை அந்தக் கொட்டகைதான் சொல்ல முடியும்.

ஆகவே இயந்திரம் வாங்கப் போகிறவர்களுக்கு ஒன்று சொல்லலாம். உங்கள் பழைய தட்டுகளையும், உங்கள் விதையையும், நீங்கள் ஊறவைத்த நார்க்கழிவையும் எடுத்துப் போங்கள். முடிந்தால் இயந்திரத்தையே உங்கள் மின் இணைப்பில், சாயங்கால நேரத்தில் ஓட்டிக் காட்டச் சொல்லுங்கள். மணிக்கு எத்தனை தட்டு என்று பார்ப்பது இருக்கட்டும். காலிக் குழியை நிரப்பி, தட்டைக் குடிலில் கொண்டுபோய் வைக்கும்வரை கடிகாரத்தை நிறுத்தாதீர்கள். கூடவே விதை போடும் பெண் ஒருவரையும் அழைத்துப் போங்கள். கேட்க வேண்டிய கேள்வி அவருக்குத் தெரியும்.