ஒன்றரை டன்

அப்பாவுக்கு ஒரு நாளைக்கு 1 லிட்டர் தண்ணீர்தான். காபி, ரசம், மாத்திரைக்குக் குடிக்கிற மடக்கு எல்லாம் அதற்குள் அடக்கம். டயாலிசிஸ் ஆரம்பித்தபோது டாக்டர் போட்டுக் கொடுத்த கணக்கு. டிசம்பரில் அது பெரிய விஷயமாகத் தெரியவில்லை. சித்திரை பிறந்ததும் தெரிந்தது. காலையில் அம்மா ஒரு பாட்டிலை நிரப்பி டீப்பாய்மேல் வைத்துவிடுவாள். அப்பா அதைக் குடித்ததைவிடப் பார்த்ததுதான் அதிகம். ரொம்ப முடியாமல் போனால் ஒரு ஐஸ் கட்டி. வாயில் அடக்கிக்கொண்டு கண்ணை மூடிப் படுத்திருப்பார்.

அறை குளிர்ந்திருந்தால் தாகம் கொஞ்சம் அடங்கும். திருவல்லிக்கேணியில், முதல் மாடி வாடகை வீட்டில், பத்து வருஷத்துக்கு மேல் பழசான எங்கள் ஒன்றரை டன் ஸ்பிளிட் ஏசிக்கு இருந்த மரியாதை அதனால் வந்தது.

கத்திரி தொடங்கிய வாரத்தில் அது படுத்துவிட்டது. முழுசாகப் படுத்திருந்தால்கூடப் பரவாயில்லை. காலையில் ஜம்மென்று குளிரும். 12 மணிக்கு மேல் இருபது நிமிஷம் ஓடி, வெளியே ‘டக்’கென்று ஒரு சத்தம். அதற்கப்புறம் வெறும் காற்று. அரை மணி கழித்துத் தானாக உயிர் வரும், மறுபடி ‘டக்’. ராத்திரி பத்து மணிக்கு மேல் ஒன்றுமே நடக்காத மாதிரி ஓடும். ஆஸ்பத்திரிக்குப் போனதும் வலி நின்றுபோகிற நோயாளி மாதிரி.

நான் செய்யத் தெரிந்ததைச் செய்தேன். ஃபில்டரைக் கழற்றிக் கழுவினேன். ரிமோட்டில் பேட்டரி மாற்றினேன் (இதற்கும் குளிருக்கும் சம்பந்தமில்லை என்று தெரிந்தும்). ஸ்டெபிலைசரில் வோல்டேஜ் பார்த்தேன். மதியம் 205 காட்டியது, குற்றம் சொல்ல வழியில்லை. ஒரு டிஜிட்டல் தெர்மாமீட்டர் வாங்கி, ஏசிக்குள் போகிற காற்றையும் வெளியே வருகிற காற்றையும் அளந்தேன். நல்ல ஏசியில் இரண்டுக்கும் பத்து டிகிரியாவது வித்தியாசம் இருக்க வேண்டும். காலையில் 11 இருந்தது. மதியம் 3.

போன் செய்ததும் ஒரு பையன் வந்தான். வரும்போது மணி ஏழு. சந்தில் ஏணி போட்டு ஏறினான். “கேஸ் போயிடுச்சு சார். ஃபில் பண்ணிடலாம்.” 2,800 ரூபாய். எனக்கு ஒரு சந்தேகம் இருந்தது. பெட்ரோல் மாதிரித் தீர்ந்துபோகிற சமாசாரம் இல்லை அது. மூடிய குழாய்க்குள் சுற்றிச் சுற்றி வருவது. குறைந்திருந்தால் எங்கேயோ ஓட்டை இருக்கணும். ஓட்டையை அடைக்காமல் கேஸ் மட்டும் போட்டால் என்ன அர்த்தம்? கேட்கவில்லை. உள்ளே அப்பா புரண்டு புரண்டு படுத்துக்கொண்டிருந்தார். அன்று ராத்திரி நன்றாகக் குளிர்ந்தது. மறுநாள் 12:20க்கு ‘டக்’.

இடையில் ஒரு விஷயம் சொல்லணும். எங்கள் வீட்டிலிருந்து பத்து நிமிஷ நடையில் ஐஸ் ஹவுஸ். இப்போது விவேகானந்தர் இல்லம். 1842இல் கட்டியது. பாஸ்டனைச் சேர்ந்த ஃபிரெடெரிக் டூடர், உறைந்த ஏரிகளில் அறுத்த பனிக்கட்டியை மரத்தூளில் பொதிந்து கப்பலில் ஏற்றி மெட்ராஸ் வெள்ளைக்காரர்களுக்கு விற்றார். ஏசியில் நாம் சொல்கிற ‘டன்’ அந்தப் பனிக்கட்டிக் காலத்துக் கணக்குதான். 907 கிலோ ஐஸ் 24 மணி நேரத்தில் உருகும்போது எவ்வளவு சூட்டை உறிஞ்சுமோ அது 1 டன். அப்படியென்றால் எங்கள் பெட்டி ஒரு நாள் முழுக்க ஓடினால் 1,360 கிலோ ஐஸுக்குச் சமம். அப்பாவுக்கு இதைச் சொன்னபோது, வாயில் கட்டியோடு, “எனக்கு இந்த ஒண்ணு போதும்டா” என்றார்.

ஆனால் ஏசி ஐஸ் இல்லை. ஐஸ் சூட்டை வாங்கித் தனக்குள் வைத்துக்கொண்டு உருகும். ஏசி எதையும் வைத்துக்கொள்ளாது. உள்ளே எடுத்த சூட்டை வெளியே கொண்டுபோய்க் கொட்டும். குளிர்நாடுகளில் இதே இயந்திரத்தில் ஒரு வால்வைத் திருப்பி, வெளியிலிருக்கும் சூட்டை வீட்டுக்குள் இழுக்கிறார்கள். அங்கே அதற்குப் பெயர் ஹீட் பம்ப். இந்தப் பெயர்தான் நேர்மையானது என்று எனக்கு இப்போது தோன்றுகிறது. நம் ஊர்ப் பெயரில் குளிர் மட்டும்தான் இருக்கிறது.

தெருமுனைக் கடைக்கார பாய் மூன்றாம் நாள் மதியம் வந்தார். ஸ்கூட்டரில் பாதி கடையே இருந்தது. எப்போது நிற்கிறது என்று மட்டும் கேட்டார். “மதியானம்தானே? அப்ப மதியானம்தான் பாக்கணும்.” கெபாசிட்டரை மீட்டரில் வைத்தார். 50 இருக்க வேண்டிய இடத்தில் 47. “இது ஓடும்.” கேஜ் மாட்டினார். “கேஸ் போயிடுச்சுன்னு எவன் சொன்னான்? தேவைக்கு மேலயே இருக்கு.” பிறகு ஏணியில் நின்றபடியே, “தம்பி, மேல வாங்க, இதப் பாருங்க” என்றார்.

எங்கள் சுவருக்கும் எதிர்வீட்டுச் சுவருக்கும் நடுவில் நான்கடிச் சந்து. எங்கள் அவுட்டோர் யூனிட்டின் முகத்துக்கு நேராக ஒரு ஃபிளெக்ஸ் பேனர், எதிர்வீட்டு சன்ஷேடிலிருந்து எங்கள் தண்ணீர்க் குழாய் வரைக்கும் இழுத்துக் கட்டியிருந்தது. யாரோ ஒரு குழந்தையின் காதணி விழா. மாமன்மார் வரிசையாகக் கைகூப்பிச் சிரித்துக்கொண்டிருந்தார்கள். ஃபேனுக்கும் மாமன்மாருக்கும் ஒரு சாண் இடைவெளி. யூனிட் துப்பிய சூடு அவர்கள்மேல் மோதித் திரும்பி அதன் முதுகு வழியாகவே உள்ளே போய்க்கொண்டிருந்தது. சூட்டை இறக்கிவைக்க இடமில்லாமல் கம்ப்ரசர் கொதித்து, ஓவர்லோட் விழுந்து, ‘டக்’. பாய் என் தெர்மாமீட்டரை வாங்கி நீட்டினார். தெருவில் 39. யூனிட்டின் பின்னால் 51.

ஏழு மணிக்கு ஏணி போட்டு ஏறிய பையன் கண்ணில் இந்த ஃபிளெக்ஸ் படாமல் இருந்திருக்காது. அவன் கேஸ் போட வந்தான், போட்டான்.

எனக்கு வந்த கோபத்தைச் சொல்லி மாளாது. அப்பா தாகத்தில் கிடக்கிறார், இங்கே ஒருத்தர் பேனர் கட்டி விளையாடுகிறார். கத்தியை எடுத்துக்கொண்டு, அறுப்பதற்கு முன்னால் ஒரு வார்த்தை சொல்லிவிடலாம் என்று எதிர்வீட்டுக்குப் போனேன். அந்த அக்கா வீட்டிலேயே சமைத்து மேன்ஷன் பையன்களுக்கு மதியச் சாப்பாடு கொடுப்பவர். “உள்ள வா தம்பி” என்று நேராக அடுப்பங்கரைக்குக் கூட்டிப்போனார். பேனருக்குப் பின்னால் ஒரு ஜன்னல். அது ஒன்றுதான் அந்த அடுப்பங்கரைக்கு. கீழே அடுப்பு, இரண்டு பர்னரிலும் அண்டா.

“நான் ரெண்டு அடுப்பு எரிக்கிறேன், நீங்க மூணாவதா ஒண்ணு எரிக்கிறீங்க. போன வருஷம் மதியானம் மட்டும்தான். இப்ப ராப்பகலா ஓடுது. அப்பாக்கு முடியலைன்னு அம்மா சொன்னாங்க. அதான் ஒண்ணும் கேக்கல. பையன விட்டு நானே மறைச்சுக் கட்டிக்கிட்டேன்.”

“என்னைக்குக்கா கட்டினீங்க?”

“மே மாசம் பொறந்தன்னைக்கு. கடைக்கு லீவு, அவன் வீட்ல இருந்தான்.”

மூன்றாவது அடுப்பு என்றது குறைத்துச் சொன்னது. அறையிலிருந்து எடுப்பது 5 கிலோவாட்டுக்குக் கொஞ்சம் மேல், கம்ப்ரசர் தின்கிற கரண்ட் ஒன்றரைக்கு மேல். எல்லாம் சேர்ந்து ஏறக்குறைய 7 கிலோவாட் சூடு. ஏழு அயர்ன் பாக்ஸைச் சூடேற்றி அந்த ஜன்னலில் அடுக்கிவைத்த மாதிரி. அந்த ஜன்னல் அங்கே இருப்பது எனக்குத் தெரியாது என்று சொல்லலாம். யூனிட்டை மாட்டிய அன்று நானும்தான் சந்தில் நின்று “இன்னும் கொஞ்சம் லெஃப்ட்” என்று சொல்லிக்கொண்டிருந்தேன்.

கத்தி கையிலேயே இருந்தது. காய் நறுக்க வந்தவன் மாதிரி நின்றேன். அக்கா மோர் கொடுத்தார்.

யூனிட்டை மொட்டை மாடிக்கு மாற்றுவதென்று முடிவாயிற்று. ஹவுஸ் ஓனரிடம் இரண்டு நாள் கெஞ்சல், செம்புக் குழாய், ஸ்டாண்ட், கூலி எல்லாம் சேர்த்து 9,400. பைப் நீளமானதால் கூடுதல் கேஸ் வேண்டியிருந்தது. அந்தப் பையன் அநியாயமாக ஏற்றிவிட்டுப் போனது அதற்குச் சரியாக இருந்தது.

மாடியில் ஒரு தகர ஷெட் உண்டு. இரண்டு பையன்கள் தங்கியிருக்கிறார்கள், டெலிவரி வேலை. பாய் ஷெட்டுக்கு நேராக, நிழலில், ஸ்டாண்டை வைத்துப் பார்த்தார். “இங்கதான் பைப் கம்மியாப் போகும்.”

“தெருப் பக்கம் திருப்பி வெச்சா?”

“இன்னும் ஆறடி போகும் தம்பி. வெயிலும் அடிக்கும், ஒரு ஓலைத் தட்டி கட்டணும்.”

“போகட்டும் பாய்.”

ஷெட்டிலிருந்த பையன் ஒருத்தன் பேச்சைக் கேட்டுவிட்டு வெளியே வந்து ஸ்டாண்டின் ஒரு பக்கத்தைத் தூக்கிக் கொடுத்தான்.

மதியம் ஒன்றரைக்கு ஓட்டிப் பார்த்தோம். இருபது நிமிஷம், நாற்பது நிமிஷம், ஒரு மணி நேரம். அறையில் தெர்மாமீட்டரை வைத்துவிட்டு நான் காத்திருந்தேன். அப்பா பாட்டிலை வெளிச்சத்தில் தூக்கிப் பார்த்தார். பாதிக்கு மேல் மிச்சம் இருந்தது. “சாயங்காலம் காபி கொஞ்சம் பெரிய டம்ளர்ல குடுக்கச் சொல்லு” என்றார்.