சொல் தேடும் தாத்தா

பேச்சு நாவின் தொழில் என்றே யான் நெடுங்காலம் எண்ணியிருந்தேன். அவ்வெண்ணம் பிழையென எனக்கு உணர்த்தியவர், செங்கற்பட்டுக் கொளவாய் ஏரிக்கு அருகே வாழும் என் தாத்தா. அவர் 35 ஆண்டுகள் தமிழாசிரியராயிருந்தவர். யான் தமிழை விரும்பிப் பயில்வதற்கும் அவரே காரணர்.

சென்ற ஆண்டு ஒரு விடியற்காலையில் அவருக்குப் பக்கவாதம் கண்டது. வலக்கையும் வலக்காலும் தளர்ந்தன. உயிருக்கு நேர்ந்த அபாயம் சில நாட்களில் நீங்கிற்று. ஆயினும் "அது, அது" என்பதன்றி வேறு சொல் அவர் வாயினின்று வரவில்லை. நாங்கள் கூறுவதைப் பெரும்பாலும் அறிந்துகொண்டார். செம்பைச் சுட்டுவார், "தண்ணீர்" என்னும் சொல் மட்டும் வாராது. அப்போது அவர் கண்கள் கலங்கும்.

1861-ஆம் ஆண்டில் பாரிஸ் நகரத்து மருத்துவர் பால் புரோக்கா, 'தான்' என்பது போன்ற ஓர் ஒலியையே திரும்பத் திரும்பக் கூறிய ஒரு நோயாளியின் மூளையை, அவர் இறந்தபின் ஆராய்ந்தார். இடப்புறத்து முன்பகுதி பழுதுற்றிருக்கக் கண்டார். வலப்பக்கத்து உறுப்புகளை ஆள்வதும் இடப்புற மூளையே ஆதலின், கையும் சொல்லும் பலருக்கு ஒருங்கே தளர்கின்றன. நம் நாட்டில், முதலமைச்சராயிருந்த எம்.ஜி.ஆர். 1984-இல் பக்கவாதத்தால் பேச்சுத் தளர்ந்தும், 1985-இல் மீண்டும் அப்பதவியேற்றதை முதியோர் இன்றும் நினைவுகூர்வர்.

யான் செய்த பிழையொன்றை இங்கே சொல்லியாகவேண்டும். தாத்தா ஒரு சொல்லைத் தேடித் தயங்குங்கால், உதவி செய்வதாக எண்ணி, யானே வாக்கியத்தை முடித்துவிடுவேன். பேச்சுப் பயிற்சியளிக்க வந்த அம்மையார் அதனைக் கண்டு, "தம்பி, அவர் தேடும் சொல்லை நீங்கள் பறித்துக்கொள்கிறீர்களே! பத்து எண்ணும்வரை காத்திருங்கள். வாராவிடின் முதலெழுத்தை மட்டும் எடுத்துக்கொடுங்கள்" என்றார். நாணித் தலைகுனிந்தேன்.

பேச இயலாதாருள் சிலர் பாடவல்லர். இடக்கையால் தாளமிட்டுச் சொற்றொடரை இசைத்து, பின் மெல்லப் பேச்சாக்கும் பயிற்சியொன்றை 1973-இல் பாஸ்டன் நகரத்து அறிஞர் வெளியிட்டனர். அவ்வம்மையார் சொற்படி, தாத்தா இளமைதொட்டுப் பாடிய வேதநாயக சாஸ்திரியார் கீர்த்தனையொன்றை அம்மா தொடங்கினார். இரண்டாம் அடியில் தாத்தாவும் சேர்ந்துகொண்டார். சொற்கள் வழுவின்றி வந்தன! அம்மா மேலே பாடமாட்டாமல் அழுதுவிட்டார். பாட்டு நின்றதும் சொல்லும் நின்றது. ஆயினும், சொற்கள் இறந்துபடவில்லை, அவற்றிற்குச் செல்லும் வழியே அடைபட்டுள்ளது என்பது எங்கட்குத் தெளிவாயிற்று.

கிறிஸ்துமஸ் விடுமுறையில் அவரைத் திருக்கழுக்குன்றம் வழியாக மாமல்லபுரத்திற்கு அழைத்துச் சென்றோம். தம் மாணாக்கரை ஆண்டுதோறும் அவர் அழைத்துச் சென்ற இடம் அது. பாதி செதுக்கப்பெற்று நின்றுவிட்ட வலையன்குட்டை இரதத்தின் முன் கோலூன்றி நெடுநேரம் நின்றார். "இது..." என்று தொடங்கித் தயங்கினார். எனக்கு நா எழுந்தது. அடக்கிக்கொண்டு எண்ணத் தொடங்கினேன். பத்தும் கடந்தது, பதினைந்தும் கடந்தது.

"முற்றவில்லை" என்றார்.

கல்லைச் சொன்னாரோ, தம்மைச் சொன்னாரோ, அறியேன். ஆனால் அச்சொல் முழுவதும் அவருடையது. நண்பர்காள், உங்கள் இல்லத்தும் சொல் தேடுவார் ஒருவர் இருப்பின், அவர்க்கு நீங்கள் அளிக்கத்தக்க முதற்கொடை காத்திருத்தலே.