டயட்டீஷியன் ஆக என்ன படிக்கணும்?

பன்னிரண்டாம் வகுப்பு முடிவு வரும் வாரத்தில் எங்கள் காலனி இரவுப் பாடசாலையில் கூட்டம் கூடிவிடும். நர்சிங், பி.எட்., போலீஸ், குரூப் 4 என்று கேள்விகள் இந்த நான்கைச் சுற்றியேதான் வரும். அதற்கெல்லாம் எங்களிடம் பதில் தயாராக இருக்கும். மூன்று வருடத்துக்கு முன் ஒரு தங்கை மட்டும் வேறு மாதிரி கேட்டாள்: "டயட்டீஷியன் ஆக என்ன படிக்கணும்கா?"

அவள் அம்மா அரசுப் பள்ளியில் சத்துணவு சமையல் உதவியாளர். அம்மாவுக்குச் சர்க்கரை வந்தபோது மருத்துவமனையில் ஒரு பெண் உட்காரவைத்து, என்ன சாப்பிட வேண்டும் என்று எழுதிக் கொடுத்தாராம். அந்த நாற்காலியில் தானும் உட்கார வேண்டும் என்பதுதான் அவள் ஆசை. அந்தக் கேள்வியின் பின்னாலேயே நாங்களும் போனோம். தெரிந்துகொண்டதை இங்கே எழுதுகிறோம், அடுத்து கேட்கிறவர்களுக்குப் பயன்படட்டும்.

முதல் கதவு பதினோராம் வகுப்பிலேயே இருக்கிறது. பி.எஸ்சி. ஊட்டச்சத்து, உணவியல் படிப்புகளுக்குப் பெரும்பாலான கல்லூரிகள் அறிவியல் பாடப் பிரிவு கேட்கின்றன. மனையியல் படித்தவர்களைச் சில இடங்களில் எடுத்துக்கொள்வார்கள். நம் பிள்ளைகளில் எத்தனை பேரை "உனக்குக் கணக்கு வராது, ஆர்ட்ஸ் குரூப் எடு" என்று வாத்தியாரே திருப்பி அனுப்பியிருக்கிறார்! டயட்டீஷியன் கனவு பல பேருக்கு அந்த ஒரு வரியில் முடிந்துபோகிறது, அப்படி ஒரு வேலை இருப்பது தெரியும் முன்பே.

மூன்று வருடப் பட்டம் முடித்தால் டயட்டீஷியன் ஆகிவிடலாம் என்றுதான் பலரும் நினைக்கிறார்கள். 'பதிவு பெற்ற உணவியலாளர்', அதாவது ஆர்.டி. என்று பெயருக்குப் பின்னால் போட்டுக்கொள்ள அது போதாது. எம்.எஸ்சி. முடிக்க வேண்டும், அல்லது பட்டத்துக்கு மேல் உணவியலில் முதுநிலை டிப்ளமோ வாங்க வேண்டும். பிறகு மருத்துவமனையில் மாதக்கணக்கில் இன்டர்ன்ஷிப். அதற்கும் பிறகு இந்திய உணவியல் சங்கம் நடத்தும் தேர்வு. விண்ணப்பிக்கும் ஆண்டில் சங்கம் என்ன விதி சொல்கிறது என்பதை அவர்கள் அறிவிப்பிலேயே பார்த்துவிடுங்கள், யார் வாய்ச்சொல்லையும் நம்ப வேண்டாம், எங்களுடையதையும் சேர்த்து.

அமெரிக்காவில் இன்னும் இறுக்கம். 2024 ஜனவரி 1 முதல் முதுகலைப் பட்டம் இல்லாமல் பதிவுத் தேர்வு எழுதவே முடியாது. அதோடு குறைந்தது 1,000 மணி நேரம் கண்காணிப்பின் கீழ் பயிற்சி, பெரும்பாலும் சம்பளம் இல்லாமல். கறுப்பின மாணவர்களை இது வெளியே தள்ளும் என்று அங்கேயும் விவாதம் நடந்தது. கடல் தாண்டினாலும் கேள்வி ஒன்றுதான்: சம்பளம் இல்லாமல் வேலை செய்ய யாரால் முடியும்?

இன்டர்ன்ஷிப்பைப் பற்றிக் கொஞ்சம் விரிவாகவே சொல்ல வேண்டும். உண்மையான வடிகட்டல் அங்கேதான் நடக்கிறது. படிக்கும் வரைக்கும் ஏதோ ஒரு கை நம்மைப் பிடித்திருக்கிறது. 18 சதவீத இட ஒதுக்கீடு இருக்கிறது. குடும்ப ஆண்டு வருமானம் இரண்டரை லட்சத்துக்குள் இருந்தால் போஸ்ட் மெட்ரிக் உதவித்தொகை இருக்கிறது (கல்லூரி முதலில் கட்டச் சொல்லி நெருக்கும், பணம் எப்போதோ வரும், அது தனிக் கதை). அரசுப் பள்ளியில் படித்த பெண்ணுக்குப் புதுமைப் பெண் திட்டத்தில் மாதம் 1,000 ரூபாய், ஆனால் அது முதல் பட்டத்தோடு நின்றுவிடும். படிப்பு முடிந்து தனியாகச் செய்யும் இன்டர்ன்ஷிப்புக்கு இவை எதுவும் வராது. பெரிய மருத்துவமனை என்றால் சென்னை, கோவை, மதுரை. விடுதி வாடகை, பேருந்து, வெள்ளை கோட், சாப்பாடு எல்லாம் கைக்காசு. எங்களுக்குத் தெரிந்த ஒரு தனியார் மருத்துவமனையில் பயிற்சிக்கு வருகிற பிள்ளையிடமே கட்டணம் கேட்டார்கள். அந்தப் பெண் நகை அடகு வைத்துக் கட்டினாள். நகை அவளுடையது இல்லை, அண்ணியுடையது.

அதே பெண்ணுக்கு நடந்த இன்னொன்றையும் சொல்கிறோம். ரத்தசோகை உள்ள கர்ப்பிணி ஒருவருக்கு உணவுப் பட்டியல் போடச் சொன்னார்கள். அந்த அம்மாவிடம் வீட்டில் என்ன சமைப்பீர்கள் என்று கேட்டு, வாரம் இருமுறை மாட்டுக்கறி, ஒருநாள் ஆட்டு ரத்தப் பொரியல், நெத்திலிக் கருவாடு, முருங்கைக்கீரை என்று எழுதியிருக்கிறாள். மேலே இருந்தவர் படித்துவிட்டு, "இதெல்லாம் சார்ட்ல எழுதக்கூடாதும்மா, டீசன்டா எழுது" என்றாராம். பேரீச்சை, மாதுளை, பாதாம் என்று திருத்தப்பட்டது. அந்தக் கர்ப்பிணி செங்கல் சூளைத் தொழிலாளி.

கறியிலும் ரத்தத்திலும் இருக்கும் இரும்புச்சத்தைக் கீரையில் இருப்பதைவிட உடம்பு எளிதாக எடுத்துக்கொள்ளும் என்று அந்தப் பெண் படித்த பாடப்புத்தகம்தான் சொல்கிறது. பி12 இயற்கையாகக் கிடைப்பது விலங்குணவில்தான். ஹைதராபாத் தேசிய ஊட்டச்சத்து நிறுவனம் 2017இல் வெளியிட்ட இந்திய உணவுகளின் சத்து அட்டவணையில் மாட்டுக்கறிக்கும் பன்றிக்கறிக்கும் கணக்கு இருக்கிறது. (அந்த நிறுவனம் 1918இல் நம் குன்னூரில்தான், பெரிபெரி நோயை ஆராயும் ஒரு சிறு பிரிவாகத் தொடங்கியது.) அறிவியல் அட்டவணையில் இடம் இருக்கிறது, நோயாளியின் கையில் கொடுக்கும் தாளில் இடம் இல்லை. 2019-21 தேசியக் குடும்ப நல ஆய்வின்படி 15 முதல் 49 வயதுப் பெண்களில் இந்திய அளவில் 57 சதவீதம் பேருக்கும் தமிழ்நாட்டில் 53 சதவீதம் பேருக்கும் ரத்தசோகை. இப்படி ஒரு நாட்டில் 'டீசன்ட்' என்பது யாருடைய அடுப்பு?

நம் சாப்பாடு எல்லாமே மருந்து என்று நாங்கள் சொல்லவரவில்லை. உப்புக்கண்டமும் கருவாடும் சிறுநீரகம் கெட்டவருக்கு ஆகாது. அதைச் சொல்வதற்கும் உப்புக்கண்டம் என்றால் என்ன, வீட்டில் எப்படிப் போடுவார்கள், எவ்வளவு உப்பு விழும் என்று தெரிந்த ஆள் வேண்டும். "அசைவம் வேண்டாம்" என்று ஒரே வரியில் முடிக்கிற டாக்டரிடம் நம் பெரியவர்கள் தலையாட்டிவிட்டு வந்து பழையபடியே சாப்பிடுகிறார்கள்.

இப்போது ஏன் அவசரம் என்றால், சட்டம் மாறியிருக்கிறது. ஆர்.டி. என்பது ஒரு தொழில்முறைச் சங்கம் தரும் தகுதி. 2021இல் நாடாளுமன்றம் நிறைவேற்றிய தேசிய இணை மற்றும் சுகாதாரத் தொழிலாளர் ஆணையச் சட்டம், உணவியலாளர்களையும் ஊட்டச்சத்து நிபுணர்களையும் தன் அட்டவணைக்குள் கொண்டுவந்திருக்கிறது. சுகாதாரத் தொழில்முறையாளர் என்ற வகைக்கு மூன்று வருடத்துக்குக் குறையாத, 3,600 மணி நேரத்துக்குக் குறையாத பட்டப்படிப்பு வேண்டும். மாநிலப் பதிவேட்டில் பெயர் இருக்க வேண்டும். போலி ஆட்களைத் தடுக்கும் என்பதால் இதை வரவேற்கிறோம். ஆனால் "மூன்றே மாதத்தில் நியூட்ரிஷனிஸ்ட்" என்று போனில் வரும் விளம்பரத்தை நம்பிப் பணம் கட்டுகிறவர்களில் முதல் தலைமுறைப் பிள்ளைகளைத்தான் நாங்கள் அதிகம் பார்க்கிறோம். பதிவேடு முழுமையாக நடைமுறைக்கு வரும்போது அந்தச் சான்றிதழ் வெறும் காகிதம். கட்டும் முன் எங்களிடம் ஒரு வார்த்தை கேளுங்கள்.

மாணவர் அமைப்புகளில் இருக்கும் தோழர்கள் எடுக்க வேண்டிய கோரிக்கையும் இதில் இருக்கிறது. அரசு மருத்துவக் கல்லூரி மருத்துவமனைகளில் உணவியல் இன்டர்ன்ஷிப்புக்கு இடமும் உதவித்தொகையும் வேண்டும், அந்த இடங்களில் இட ஒதுக்கீடும் வேண்டும். எம்.பி.பி.எஸ். முடித்துப் பயிற்சியில் இருப்பவருக்கு மாதப் பணம் தருகிற அரசு, அதே வார்டில் நிற்கிற உணவியல் பிள்ளைக்கு ஏன் தரக்கூடாது? இதுவரை எந்த மேடையிலும் இதை யாரும் கேட்டு நாங்கள் பார்க்கவில்லை.

அந்தத் தங்கைக்கு இந்த வருடம் எம்.எஸ்சி. இடம் கிடைத்திருக்கிறது. விடுதிக்கு எழுதிப் போட்டிருக்கிறோம். இன்டர்ன்ஷிப் செலவுக்கு இப்போதிருந்தே மாதம் ஆளுக்கு நூறு ரூபாய் என்று இருபது பேர் சேர்த்துவருகிறோம். அவளைப் பார்த்து இன்னும் இரண்டு பேர் பதினோராம் வகுப்பில் அறிவியல் பிரிவு கேட்டு வாங்கியிருக்கிறார்கள். அடுத்த வருடம் கல்லூரிக்குப் போகிறவர்கள் சாதிச் சான்றிதழ், வருமானச் சான்றிதழ், ஆதார் இணைத்த வங்கிக் கணக்கு மூன்றையும் தேர்வு முடிவு வரும் முன்பே தயார் செய்துவிடுங்கள். இ-சேவை மையத்தில் எழுத்துப்பிழையோடு பெயர் ஏறிவிட்டால் திருத்துவதற்குள் விண்ணப்பத் தேதி போய்விடும். ஞாயிற்றுக்கிழமை மாலை ஆறு மணிக்கு மேல் பாடசாலையில் இருப்போம், தாள்களை எடுத்துக்கொண்டு வாருங்கள்.