பின்சில்லு தந்த பாடம்

மாரி வெள்ளம் கிட்டங்கித் தாம்போதியை மூடிப் பாய்வதைச் சொறிக்கல்முனை மக்கள் பன்முறை கண்டவர்கள். அந்நீரினூடே கல்முனைக்குச் சென்று மீண்டதன் பயனாய், நம் பழைய மொரிஸ் மைனரின் பின்சில்லு முனகத் தொடங்கிற்று. உள்ளிருந்த பெயாரிங் துருவேறி இறுகிவிட்டது. வயோதிகத் தாயாரை மருத்துவமனைக்கு அழைத்துச் செல்ல நமக்கு அவ்வண்டியே துணை, காலந்தாழ்த்த இயலவில்லை.

கல்முனையிலிருந்து முதிய மெக்கானிக் ஒருவரை வீட்டிற்கே அழைத்தோம். அச்சைப் பற்றிக்கொண்ட ஹப் அசைய மறுத்தது. நம் மகன் சம்மட்டியைத் தூக்கினான்.

"அடிக்காதீங்க மகன், எண்ணெய் விட்டு ஊறப் போடுவம்" என்றார் அவர்.

"அப்படியே செய்யுங்கள், காக்கா" என்றோம்.

மறுநாட் காலை புல்லரைப் பூட்டிச் சிறிது சிறிதாக முறுக்கவே, ஹப் கழன்று வந்தது.

புதிய பெயாரிங்கை ஹப்பினுள் இறக்குகையில், அதன் வெளிவளையத்தை மட்டுமே சுற்றிச் சுற்றித் தட்டினார். இறுகி அமரவேண்டியது அவ்வளையம். உள்வளையத்தில் அடித்தால், அவ்வடி குண்டுகளின் வழியே பாய்ந்து, அவை உருளும் தடத்தில் வடுப் பதிக்கும். புதியதும் விரைவில் முனகும். வேல்ஸ் நாட்டுப் பிலிப் வோன் என்பார் 1794இல் வண்டி அச்சுக்கெனக் குண்டுப் பெயாரிங்கிற்குக் காப்புரிமை பெற்றார். சுழலும் பாரத்தை ஆண்டுக்கணக்கில் தாங்கும் அக்குண்டுகள், தவறான இடத்தில் விழும் ஓர் அடியைத் தாங்கமாட்டா.

மாணவரைத் திருத்த முனையும் நாமும், வீட்டில் பிள்ளைகளைக் கண்டிக்கும் பெற்றோரும் இதனை எண்ணிப் பார்த்தல் நன்று. வலிமை வேண்டாமென்பதன்று, அது சேரவேண்டிய இடத்தை முதலில் அறிதல் வேண்டும்.