கப்பித்தான் பள்ளியின் கரும்பட்டுப் பறவைகள்

பினாங்கு என்னும் பெயரைக் கேளாமல் வளர்ந்த வீடு நம் கடற்கரை ஊர்களில் உண்டோ? உங்கள் வாப்பாவோ, பெரிய வாப்பாவோ, மாமாவோ, யாரேனும் ஒருவர் அங்கே கடை வைத்திருப்பார். அல்லது கடையில் நின்றிருப்பார். 'ரஜூலா' கப்பலில் நாகப்பட்டினத்திலிருந்து ஏறிச் சென்ற கதையைச் சொல்லும் முதியவர்கள் இன்றும் சிலர் இருக்கிறார்கள். 1985-ஆம் ஆண்டில் 'சிதம்பரம்' கப்பல் தீப்பற்றியதோடு அந்தக் கடல்வழிப் பயணம் முடிந்துபோயிற்று. இப்போது சென்னையில் காலைப் பசியாறிவிட்டு விமானமேறினால் அன்றைய மஃரிபைப் பினாங்கில் தொழலாம். நம் கடிகாரத்தை இரண்டரை மணி நேரம் முன்னே தள்ளி வைத்துக்கொள்ள வேண்டும், அவ்வளவே.

அந்தத் தீவின் வரலாற்றையும் உணவு வகைகளையும் பலர் எழுதிவிட்டார்கள். நாசி கண்டாரின் சுவையைப் பற்றி நான் புதிதாக எழுத ஒன்றும் இல்லை. உங்களை அழைத்துச் சென்று காட்ட விரும்புவது, அங்கே ஒவ்வொரு மாலையும் நடைபெறும் ஒரு திருவிழாவை. அதற்கு அழைப்பிதழ் கிடையாது, கொடியேற்றமும் கிடையாது.

ஜார்ஜ் டவுன் நகரின் பழைய பகுதியில், சூலியா தெருவுக்கு அருகே, கப்பித்தான் கிளிங் பள்ளிவாசல் வெண்மையும் பழுப்புமாக நிமிர்ந்து நிற்கிறது. 1801-ஆம் ஆண்டளவில் காதர் முகைதீன் என்னும் நம்மவர் தலைமையில் எழும்பிய பள்ளி அது. தென்னிந்திய மக்களுக்குத் தலைவராகக் கும்பெனியாரால் ஏற்கப்பட்டவர் என்பதால் 'கப்பித்தான் கிளிங்' என்ற பட்டம் அவருக்கு வழங்கிற்று. பள்ளிக்கும் அதுவே பெயராயிற்று. குவிமாடங்கள் பிற்காலத்தவை. பள்ளியைச் சுற்றிப் புல்வெளி. அப்பால் கடைத்தெருக்கள், பொன் வணிகர்கள், பணம் மாற்றுவோர், புத்தகக் கடைகள்.

அஸர் தொழுதுவிட்டுப் புல்வெளி ஓரத்தில் சற்றுநேரம் நில்லுங்கள். முதலில் இரண்டு மூன்றாக வரும். வானொலிக் கம்பிகளின்மீதும், கூரையின் ஓட்டு வரிசையிலும் வந்தமரும். பின்னர் பத்து, இருபது, ஐம்பது. உலோகத் தகட்டைச் சுண்டினாற்போன்ற கூரிய சீழ்க்கை ஒலி. பொழுது சாயச் சாயத் தெருவோர மரங்கள் அத்தனையும் பேசத் தொடங்கிவிடும். பேசுவது மரமன்று, இலைக்கு இலை அமர்ந்திருக்கும் கறுத்த பறவைகள்.

காக்கையோ என எண்ணாதீர்கள். காக்கையில் பாதியளவுகூட இல்லை; ஏறத்தாழ 20 சென்டிமீட்டர் நீளம், அதாவது நம் வீட்டு முற்றத்து மைனாவைவிடச் சற்றுச் சிறியது. மைனாவின் குடும்பத்தையே சேர்ந்தது. மலாய் மக்கள் இதனைப் 'பெர்லிங் மாத்தா மேரா' என்கிறார்கள்; செங்கண் பெர்லிங் என்று பொருள். கண் உண்மையிலேயே செந்தணல்தான். பதினெட்டாம் நூற்றாண்டில் ஸ்கோபோலி என்னும் இயற்கையறிஞர் இதற்கு அறிவியல் பெயர் சூட்டியபோது, பிலிப்பைன்ஸ் நாட்டின் பனாய்த் தீவை நினைவில் வைத்துச் சூட்டினார். வங்கக் கடலின் கிழக்குக் கரையிலிருந்து மலாயா, சுமத்திரா, போர்னியோ, பிலிப்பைன்ஸ் வரை இதன் ஆட்சி பரந்திருக்கிறது. நம் தமிழகத்தில் இல்லை. எனினும் போர்ட் பிளேரில் உறவினர் இருப்போர் அங்கே சென்றால் காணலாம். அந்தமானிலும் கார் நிக்கோபாரிலும் இதன் ஒரு கிளையினம் வாழ்கிறது.

என் தங்கை பினாங்கில் வாழ்க்கைப்பட்டவள். சென்ற ஆண்டு அவள் வீட்டில் மூன்று வாரம் தங்கியிருந்தேன். ஒரு மாலை அவளுடைய பத்து வயது மகன் பள்ளிக்கூடம் விட்டு வந்தவன், பையை எறிந்துவிட்டு அறைக்குள் புகுந்து கதவைச் சாத்திக்கொண்டான். உடன் பயிலும் ஒருவன் அவனைக் 'கிளிங்' என்று அழைத்துச் சிரித்திருக்கிறான். "நீ போய்ப் பேசு காக்கா, என்னிடம் வாயே திறக்கமாட்டேன் என்கிறான்" என்றாள் தங்கை.

வாசகர்களுக்கு இந்தச் சொல்லை விளக்கவேண்டும். கலிங்கம் என்பதிலிருந்து பிறந்ததாக அறிஞர் கூறும் இச்சொல், பழைய மலாய் ஏடுகளில் தென்னிந்தியரைக் குறிக்கும் வெறும் பெயராகவே இருந்தது. அதனால்தான் ஒரு பள்ளிவாசலின் வாயிலில் மதிப்போடு பொறிக்கப்பட்டிருக்கிறது. காலப்போக்கில் அது நிறத்தைச் சுட்டி இழிவுசெய்யும் வசையாகிவிட்டது. ஒரே சொல், வாயிலில் பட்டம், வகுப்பறையில் சாட்டை. பத்து வயதுச் சிறுவனுக்குச் சொல்லாராய்ச்சி ஆறுதல் தருமா? நான் ஒன்றும் சொல்லவில்லை. "வா, கப்பித்தான் பள்ளிக்குப் போய் மஃரிப் தொழுதுவிட்டு வருவோம்" என்று மட்டும் அழைத்தேன்.

நேரத்தோடு போய்விட்டோம். ஒளுச் செய்துவிட்டுப் படியில் அமர்ந்திருந்தபோது, தாழ்ந்த கைப்பிடிச் சுவரில் ஒரு பெர்லிங் வந்தமர்ந்தது. மேற்கு வெயில் அதன்மேல் பட்டது. கறுப்பு என்று நாங்கள் எண்ணியிருந்த முதுகில் பச்சை ஓடிற்று. கழுத்தைத் திருப்பியதும் பச்சை நீலமாயிற்று. மீண்டும் நிழலுக்குள் தத்தியதும் கறுப்பு. "மாமா, சாயம் பூசியிருக்கிறதா?" என்றான் பையன். அன்று மாலை அவன் பேசிய முதல் சொல் அதுதான்.

சாயம் இல்லை. அந்த இறகில் பச்சை நிறப் பொருள் ஒரு துளிகூடக் கிடையாது. இருப்பதெல்லாம் மெலனின், நம் தோலுக்கும் முடிக்கும் கருமை தரும் அதே பொருள். இறகின் மிக நுண்ணிய இழைகளுக்குள், மெல்லிய படலத்தின் அடியில், இந்தக் கருந்துகள்கள் ஒழுங்காக அடுக்கப்பட்டிருக்கின்றன. படலத்தின் மேற்பரப்பில் பட்டுத் திரும்பும் ஒளியும், உட்புறத்தில் பட்டுத் திரும்பும் ஒளியும் ஒன்றோடொன்று கலக்கும்போது சில நிறங்கள் அடங்கி, சில நிறங்கள் ஓங்குகின்றன. மழைநீரில் மண்ணெண்ணெய் சிந்தினால் வானவில் விரிவதைப் பார்த்திருப்பீர்களே, ஏறத்தாழ அதே கணக்கு. அடியில் கருமை இல்லாவிடில் இந்த மினுக்கமும் வெளிறிப்போகும். சிதறும் ஒளியை விழுங்கிக்கொள்வது அந்தக் கறுப்புதான்.

ஆப்பிரிக்காவில் இக்குடும்பத்தின் மினுக்கப் பறவைகள் ஏராளம். நீலமும் ஊதாவும் செம்பொன்னுமாக அவை ஒளிர்வதற்கும் இந்தத் துகள்களே காரணம். மற்றப் பறவைகளில் பெரும்பாலும் உருண்ட கோலைப் போலிருக்கும் துகள், அவற்றில் சிலவற்றில் தட்டையாகவும், சிலவற்றில் உள்ளீடற்ற குழலாகவும், வேறு சிலவற்றில் இரண்டுமாகவும் அமைந்திருக்கிறது என 2013-இல் வெளியான ஓர் ஆய்வு காட்டிற்று. கண்ணுக்குத் தெரியாத ஒரு துகளின் வடிவை மாற்றியே இத்தனை வண்ணங்களை வகுத்த அந்த முஸவ்விரின் கைவண்ணத்தை என்னென்பது!

கென்யாவின் புல்வெளிகளில் வாழும் ஒரு மினுக்க இனத்தைப் பற்றியும் இங்கே ஒரு வார்த்தை. அவை கூட்டுக் குடும்பமாக வாழ்பவை. ஒரு சோடி குஞ்சு பொரித்தால் மற்றவையும் இரை கொண்டுவந்து ஊட்டும். உறவென்பதால் உதவுகின்றன என்றே நெடுநாள் கருதினர். இருபது ஆண்டுகள் தொடர்ந்து கணக்கெடுத்து 2025-இல் வெளியிட்ட முடிவு வேறொன்றையும் சொல்லிற்று: உறவல்லாதவைக்கும் அவை உதவுகின்றன, முன்னர் உதவி பெற்றவை, ஆண்டுகள் கழிந்தபின் உதவியவற்றின் குஞ்சுகளுக்கு ஊட்டித் திருப்பிச் செய்கின்றன. சிற்றூரிலிருந்து முதலில் பினாங்கு சென்றவர், பின்னால் வந்தவர்களுக்குக் கடையில் படுக்க இடமும் சோறும் தந்த கதையை அறிந்த நமக்கு இதில் வியப்பில்லை.

பினாங்குப் பெர்லிங்கிடம் திரும்புவோம். அதற்குப் பழமே முதல் உணவு. அத்தி, ஆல் வகைப் பழங்கள் என்றால் உயிர். பப்பாளி, மாம்பழம், ஈச்சம்போன்ற பனைவகைப் பழங்கள், இடையே பூச்சிகள், பூந்தேன். பழத்தை விழுங்கி விதையை வேறெங்கோ இட்டுச் செல்வதால் மரங்கள் பரவுகின்றன. மரம் நட்டு அதில் ஒரு பறவை உண்டாலும் நட்டவருக்குத் தர்மம் என்னும் நபிமொழியை நாம் அறிவோம். இங்கே உண்ணும் பறவையும் நடுகிறது! ஆனால் இடம் பார்த்து நடுவதில்லை. ஜார்ஜ் டவுனின் பழைய கட்டடங்களில், இரண்டாம் மாடிச் சுவர்ப் பிளவிலிருந்து ஆலங்கன்று எட்டிப் பார்க்கிறது. வேர் இறங்கினால் சுவர் பிளக்கும். 2008 முதல் உலகப் பாரம்பரியச் சின்னமாகிய நகரத்துக்கு இது சிறிய தொல்லையன்று.

கூட்டைக் கட்டும் வேலையை இப்பறவை விரும்புவதில்லை. பொந்து கிடைத்தால் போதும். பட்டுப்போன தென்னையின் துளை, ஓட்டுக்கூரையின் இடுக்கு, மட்டைகளின் மறைவு, எதுவானாலும் குடியேறிவிடும். முட்டைகள் வெளிர்நீலம், மேலே பழுப்புப் புள்ளிகள். குஞ்சுகள் வளர்ந்து வெளிவரும்போது பெற்றோரைப் போல் இராது. சாம்பல் முதுகு, வெளுத்த மார்பு, அதில் நீண்ட கருங்கோடுகள். புதிதாகப் பார்ப்போர் இருவேறு பறவைகள் ஒன்றாகத் திரிவதாகவே நினைப்பர். நானும் அப்படித்தான் முதல் வாரம் முழுவதும் நினைத்திருந்தேன்.

தங்கையின் தெருவில் இருந்த மரமொன்றிலும் இவை மாலைதோறும் அடைந்தன. கீழே நிறுத்திய வண்டிகளின் கோலத்தைச் சொல்லவேண்டியதில்லை. முறையிட்டுக் கிளைகளை வெட்டச் செய்தார்கள். அன்று மாலை வந்த கூட்டம் மூன்று முறை வட்டமிட்டது. பின்னர் அடுத்த தெருவுக்குப் போய்விட்டது. இப்போது முறையிடுவது அடுத்த தெருக்காரர்கள். என் மச்சானின் வண்டி பளபளப்பாக இருக்கிறது. ஆனால் நண்பகலில் அது வெயிலில் கொதிக்கிறது என்பது அவரது புதிய குறை.

எண்ணிக்கையில் இவ்வளவு மிகுந்த பறவைக்கு அழிவேது என்று நினைக்கலாம். இன்றைய நிலையில் இதற்கு ஆபத்தில்லை என்பது உண்மையே. ஆனால் இதன் நெருங்கிய உறவினர் சிலரின் கதை வேறு. பசிபிக் கடலில் மௌக்கே என்னும் சிறுதீவில், 1825-இல் ஓர் ஆங்கிலக் கப்பலில் சென்றவர் ஒரு பறவையைச் சுட்டெடுத்தார். அந்த ஒற்றை உடல் இங்கிலாந்தின் அருங்காட்சியகத்தில் இருக்கிறது. அதற்கப்பால் அந்த இனத்தில் எதையும் யாரும் பிடித்ததில்லை. கோஸ்ரே தீவின் கறுத்த உறவினமும், 1820-களின் இறுதியில் ஒரு ருஷ்யப் பயணத்தினர் கண்டதற்குப் பின் மறைந்துவிட்டது. கப்பல்களில் வந்திறங்கிய எலிகளே காரணம் எனக் கருதப்படுகிறது. பினாங்கிலும் கப்பல்கள் வந்தன, எலிகளும் வந்தன. ஆனால் பெர்லிங் எலிகளோடும் மனிதரோடும் வாழப் பழகியதாகவே இருந்தது.

அன்று மஃரிபுக்குப் பாங்கு சொல்லும்வரை நாங்கள் அந்தப் படியில்தான் இருந்தோம். பறவைகளும் தத்தம் தஸ்பீஹை அறியும் என அன்னூர் அத்தியாயம் அறிவிப்பதைப் பையனுக்குச் சொன்னேன். கேட்டுக்கொண்டான். பிறகு, "இதற்கு வேறு பெயர் உண்டா மாமா?" என்றான். நான் தயங்கினேன். ஏனெனில் உண்டு. இந்தோனேசியாவில் கூண்டில் வளர்ப்போர் இதனைச் 'சூச்சாக் கெலிங்' என்கிறார்கள். கறுப்பு நிறம்பற்றி வந்த பெயர் போலும். பொய் சொல்ல மனம் ஒப்பவில்லை, சொல்லிவிட்டேன்.

அவன் நெடுநேரம் சுவரையே பார்த்துக்கொண்டிருந்தான். நம் கரையில் உடன்பிறந்த மூத்தவனைக் 'காக்கா' என்கிறோம். எவருக்கும் பறவை நினைவுக்கு வருவதில்லை, எவரும் அழுவதுமில்லை. பெயரைவிட அதை உச்சரிக்கும் குரல்தான் காயப்படுத்துகிறது என்று சொல்ல வாயெடுத்தேன்.

அதற்குள் அவனே கேட்டான்: "அதற்குத் தெரியுமா, அதை அப்படிக் கூப்பிடுகிறார்கள் என்று?"

"தெரியாது."

"எனக்குத் தெரிகிறதே" என்றான்.

எனக்கு மறுமொழி கிடைக்கவில்லை. தொழுகைக்கு எழுந்தோம். மறுநாள் தங்கை பள்ளிக்கூடத்துக்குச் சென்று ஆசிரியையிடம் பேசினாள். அவர் பொறுமையோடு கேட்டு, அந்தப் பையனை அழைத்துக் கண்டித்ததாகத் தெரிந்தது.

நீங்கள் பினாங்கு செல்வதானால் மாலை ஆறரை மணிக்கே பள்ளிக்குப் போய்விடுங்கள். ஏழரை மணியளவில் இருட்டிவிடும், நிறம் தெரியாது. வெயில் உங்கள் முதுகுப்புறம் இருக்குமாறு நில்லுங்கள். தலையில் தொப்பி இருக்கட்டும். மரத்தடியில் மட்டும் நிற்காதீர்கள்.