இடது கால்

எங்கள் காரில் இரண்டு பெடல்தான் இருந்தது. 1997ஆம் வருடத்து மாருதி ஜென், ஆட்டோமேட்டிக். 2009இல் அம்மா அதைப் பழைய வண்டியாக வாங்கினாள். திருத்தங்கலில் எங்கள் தெருவில் அதற்குப் பெயர் 'பொம்பள வண்டி'. கியர் போடத் தெரியாதவள் ஓட்டுவது என்று அர்த்தம். நம் நாட்டில் கார் லைசென்ஸில் கியர் உண்டு, இல்லை என்று பிரிவு கிடையாது. இருசக்கர வண்டிக்குத்தான் உண்டு. காருக்கு அந்தப் பிரிவை எங்கள் தெருவே போட்டுக்கொண்டது. பல வருடம் நானும் அப்படித்தான் நினைத்தேன்.

அம்மாவுக்கு அது வேலைக்கான வண்டி. பட்டாசு ஆலைகளுக்குக் காகிதக் குழாய் வேண்டும். வெம்பக்கோட்டை பக்கம் ஏழு ஊர்களில் பெண்கள் வீட்டிலேயே உட்கார்ந்து குழாய் சுற்றினார்கள். காகிதத்தைக் கொண்டுபோய்க் கொடுப்பதும், சுற்றியதை எண்ணி வாங்கிக் கூலி கொடுப்பதும் அம்மா. மருந்து அடைக்காத வெறும் குழாய் என்பதால் காரில் ஏற்றலாம். பின் சீட்டைக் கழற்றி வைத்துவிட்டாள்.

2018 அக்டோபரில் உச்ச நீதிமன்றம் பேரியம் உப்பையும் சரவெடியையும் தடை செய்தது. குழாய்க்கு ஆர்டர் குறைந்தது. அந்த நேரம் பார்த்துத்தான் கியர் பாக்ஸும் படுத்தது. ஆக்சிலரேட்டரை மிதித்தால் இன்ஜின் கத்தும், வண்டி நகராது. சிவப்பாக இருக்கவேண்டிய ஆயில் கறுத்துக் கருகல் வாடை அடித்தது. சரிசெய்ய மெக்கானிக் கேட்ட தொகை, வண்டி விலையைத் தொட்டது. "மேனுவலா மாத்திருவோம் பாப்பா. இன்ஜின் ஒண்ணுதான். அந்தச் சாமான் எங்கயும் கிடைக்கும்" என்றார்.

எனக்கு உள்ளூரச் சந்தோஷம். நான் டிரைவிங் ஸ்கூலில் கியர் வண்டி பழகியவள். அம்மாவிடம் கேட்டேன். "உனக்குத் தெரிஞ்சதைச் செய்" என்றாள். அதைச் சம்மதம் என்று எடுத்துக்கொண்டேன்.

நான்கு நாள் அந்த ஷெட்டிலேயே நின்றேன். உடைத்துப் போட்ட ஒரு ஜென்னிலிருந்து ஐந்து கியர் பாக்ஸ், ஃப்ளைவீல், பெடல் செட், கியர் லிவர், ஆக்சில் எல்லாம் வந்தன. பழைய பாக்ஸையும் பூசணிக்காய் மாதிரி இருந்த டார்க் கன்வெர்ட்டரையும் இறக்கினார்கள். ஃப்ளைவீல் முடுக்கி, கிளட்ச் பிளேட், பிரஷர் பிளேட் போட்டு, கேபிள் இழுத்தார்கள். ரேடியேட்டருக்குப் போன கியர் ஆயில் குழாய்களை அடைத்தார்கள். எல்லாம் முடிந்து சாவியைத் திருப்பினால் சத்தமே இல்லை. ஆட்டோமேட்டிக் வண்டி பார்க்கிலோ நியூட்ரலிலோ இருந்தால்தான் ஸ்டார்ட் ஆகும். அதைக் காட்டும் சுவிட்ச் பழைய பாக்ஸோடு போய்விட்டது. இரண்டு ஒயரைச் சேர்த்ததும் வண்டி உறுமியது. நானே வீட்டுக்கு ஓட்டி வந்தேன். டீக்கடையில் ஒருவர், "இப்பத்தான் இது காரு" என்றார். பெருமையாக இருந்தது. வெட்கத்தோடுதான் இதை எழுதுகிறேன்.

அம்மா ஏறி உட்கார்ந்து மூன்று பெடலையும் பார்த்தாள். சேலையைச் சற்றுத் தூக்கி இடது காலைக் கிளட்ச்சில் வைத்தாள். முழங்காலிலிருந்து கணுக்கால் வரை தீத்தழும்பு. 1987இல், பதினேழு வயதில், தீப்பெட்டி ஆலையில் பட்டது. தோல் சுருங்கி இழுத்ததில் பாதம் கீழே மடங்காது. பெடல் பாதிதான் போனது. கியர் கரகரவென்று கத்தியது. மறுபடி முயன்றாள். பிறகு இறங்கி, "நல்லாத்தான் பண்ணிருக்க. நீயே ஓட்டு" என்றாள்.

அந்தக் காலுக்குச் சின்ன வயதிலிருந்து தேங்காயெண்ணெய் தேய்த்துவிட்டவள் நான். அந்தத் தழும்பின் ஒவ்வொரு மேடும் என் விரலுக்குத் தெரியும். காரையும் காலையும் மட்டும் ஒருநாளும் சேர்த்துப் பார்த்ததில்லை. கியர் தெரியாதவள் என்று ஊர் சொன்னபோதும் அம்மா காலைக் காட்டிப் பதில் சொன்னதில்லை. "ஏம்மா முதல்லயே சொல்லல?" என்றேன். "துட்டு இல்லைன்னு எனக்கும்தான தெரியும்" என்றாள்.

பெண் கியர் போட்டு ஓட்டுவதை விடுதலை என்று ஒரு கல்லூரிப் போட்டியில் எழுதிப் பரிசு வாங்கியிருக்கிறேன். இங்கே என் கியர் வந்தது, அம்மாவின் வண்டி போனது. நான் வேலைக்குப் போகும் நாளில் டிரைவருக்குக் கூலி கொடுக்கவேண்டும். கட்டுப்படியாகாமல் ஏழு ஊர் மூன்றானது. விட்டுப்போன நான்கு ஊர்ப் பெண்களில் சிலர் மூட்டையைத் தலையில் வைத்து பஸ் ஏறி வந்து குழாய் கொடுத்துவிட்டுப் போனார்கள்.

ஆறு மாதம் கழித்து, வேறு வேலையாகப் போனபோது மெக்கானிக்கிடம் காலைப் பற்றிச் சொன்னேன். அவர் அதிர்ச்சியெல்லாம் அடையவில்லை. "கேபிள் கிளட்ச்தான? கியர் லிவர்லயே கையால இழுக்குற பிடி ஒண்ணு வைக்கலாம். மாத்துத்திறனாளிகளுக்கு அப்படிப் போடுறதுதான். ஆர்.டி.ஓ. ஆபீஸ்ல பதியணும்" என்றார்.

இந்தமுறை அம்மாவைக் கூட்டிக்கொண்டு போனேன். பிடியை எந்த உயரத்தில் வைப்பது என்று அவர் என்னைப் பார்த்துக் கேட்டார். அம்மா காரில் ஏறி உட்கார்ந்து, இடது கையை லிவர் மேல் வைத்தாள். "இன்னும் ரெண்டு விரக்கடை கீழ வைங்க தம்பி. மூட்டை இடிக்கும்" என்றாள்.