கிணற்றிலிருந்து எழும்பிய வீடு

யாழ்ப்பாணக் குடாநாட்டில் மலை இல்லை, கல்லுக்குக் குறைவில்லை. மேல்மண் கழிந்தால் சுண்ணாம்புக்கல்தான். கிணறு வெட்டும்போது வரும் கல்லைச் சுவருக்கு வைத்துக்கொள்வார்கள். சோனகதெருவில் உம்மாவுக்குச் சீதனமாகக் கிடைத்த எங்கள் வீடும் அப்படி எழும்பியதுதான் என்று உம்மம்மா சொல்வார்.

சுவர் ஒன்றரை முழத் தடிப்பு. ஒழுங்கில்லாத கற்களை அடுக்கி, இடைவெளியில் சிறுகல் செருகி, சுண்ணாம்புச் சாந்தால் பிணைத்திருந்தார்கள். கூரைக்குப் பனை மரம். அதன் மேல் பீலி ஓடு. முன்னால் ஆண்கள் இருந்து கதைக்கத் திண்ணை. உள்ளே வானம் தெரியும் நடுமுற்றம். பக்கத்து மதிலில் ஒரு சின்னக் கதவு. ஒழுங்கையில் இறங்காமலே பெண்கள் அயல் வீட்டுக்குப் போய்வர அதுதான் வழி. சித்திரை வெயிலிலும் அறைக்குள் குளிர்ச்சி இருக்கும்.

1990 ஒக்டோபர் 30 அன்று யாழ்ப்பாண நகரத்து முஸ்லிம்களுக்குக் கிடைத்தது இரண்டு மணித்தியால அவகாசம். வாப்பா வீட்டைப் பூட்டித் திறப்பை மடியில் கட்டிக்கொண்டார். வீட்டு உறுதி அலுமாரிக்குள்ளேயே கிடந்தது.

2002இல் ஏ9 பாதை திறந்த பிறகு புத்தளத்திலிருந்து போய்ப் பார்த்தோம். ஓடும் மரமும் இல்லை. சுவர்கள் நின்றன. கூரை போனால் கல்வீட்டுக்கு மழைதான் எதிரி. சுவரின் தலையில் இறங்கும் நீர் உள்ளிருக்கும் சாந்தைக் கரைக்கும். அந்த இடுக்கில் ஆலங்கன்று வேர்விடும். வேர் தடித்தால் கல் பிரியும். மூன்று சுவர்கள் அப்படித்தான் பிளந்திருந்தன.

இடித்துவிட்டுச் சீமெந்துக் கல்லில் புது வீடு கட்டலாம், இல்லையென்றால் வளவை விற்றுவிடலாம் என்றான் தம்பி. அவன் பிள்ளைகள் புத்தளத்தில் பிறந்தவர்கள்; அவன் கணக்கில் நியாயம் இருந்தது. ஆனால் உறுதி தொலைந்தவர்களுக்குச் சுவர் வெறும் சுவரல்ல. எல்லை எங்கே, வாசல் எங்கே, யார் இருந்தார்கள் என்று கேட்டால் காட்டுவதற்கு எங்களிடம் வேறென்ன இருந்தது?

வயதான மேசன் ஒருவர் வடக்குச் சுவரைத் தட்டிப் பார்த்து, இது நிற்கும் என்றார். ஆனால் சீமெந்து பூசாதீர்கள் என்று எச்சரித்தார். சுண்ணாம்புச் சுவர் ஈரத்தை வாங்கும், வெளியே விடும். சீமெந்து அதன் வாயை அடைத்துவிடும்; ஈரம் உள்ளே நின்று சுவரைத் தின்னும். காங்கேசன்துறை ஆலையில் 1990 வரை சீமெந்தானதும் இதே நிலத்துக் கல்தான். ஒரே கல், இரண்டு குணம்!

வடக்குச் சுவரை வைத்துக்கொண்டோம். முதலில் அதற்குக் கூரை போட்டோம். பிறகுதான் மற்ற அறைகள். விழுந்த கற்களை அத்திவாரத்துக்கு எடுத்தோம். தம்பியும் சம்மதித்தான்.

அயல் வீட்டார் திரும்பவில்லை. அவர்களது வளவு பற்றையாகக் கிடக்கிறது. மதிலில் இருந்த சின்னக் கதவின் வெளியை அடைத்துவிடவா என்று மேசன் கேட்டார். வேண்டாம், ஒரு கதவு செய்து கொண்டி போட்டால் போதும் என்றேன். கொண்டி எங்கள் பக்கம் இருக்கிறது. அவர்கள் வந்து தட்டினால் திறப்பதற்கு.